ஏர்கிராஃப், வி-மெயில்: தளபதிகளுக்கு ஒரு பக்கம் போதுமானதாக இருந்ததா?

இரண்டாம் உலகப்போர்க் கடிதங்களைச் சேகரிப்பவர்களுக்கும் ஆய்வுக்காகப் படிப்பவர்களுக்கும் என்றாவது ஒருநாள் உள்ளங்கை அகலத்தில் ஒரு புகைப்படத் தாள் கைக்கு வரும். யாரோ முழுத்தாளில் எழுதிய கடிதத்தைப் படம் பிடித்து, ஃபிலிமை மட்டும் விமானத்தில் ஏற்றி, போய்ச் சேர்ந்த இடத்தில் பிரிண்ட் போட்டு உறையிலிட்டுக் கொடுத்திருப்பார்கள். பிரிட்டன் இதற்கு ஏர்கிராஃப் என்று பெயர் வைத்தது. அமெரிக்கா வி-மெயில் என்றது. வி என்பது விக்டரியின் முதல் எழுத்து.

சிப்பாயின் பக்கம் நின்று இந்தச் சேவையைப் பாராட்டி நிறைய எழுதியாயிற்று. அந்தப் பாராட்டு நியாயமானதுதான். கடல் கடந்து படை நடத்திய தளபதிக்கும் ஊரில் இருந்த நண்பருக்கும் நடுவே இது எப்படி வேலை செய்தது என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ‘நலமாக இருக்கிறேன், உன் கடிதம் வந்தது’ என்று வாரம் தவறாமல் தெரிவிக்க அன்றைக்கு இதைவிட நல்ல வழி குறைவு. மனசில் கிடப்பதைக் கொட்டுவதற்கு இது லாயக்கில்லை. அதற்குச் சாதாரணத் தாளும் ஒட்டிய உறையும்தான் வேண்டியிருந்தன.

சேவை ஏன் பிறந்தது என்று தெரிந்தால் அதன் குறைகளும் புரியும். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி பிரிட்டிஷ் கப்பல்களுக்குக் கிட்டத்தட்ட மூடிப்போனது. எகிப்தில் இருந்த படைக்கான தபால் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஒரு கடிதம் போய்ச் சேர மாதக்கணக்காகும். பதில் வரும்போது கேட்ட கேள்வியே மறந்துபோயிருக்கும். விமானம் இருந்தது, ஆனால் அதில் மூட்டை மூட்டையாகத் தபால் ஏற்ற இடமில்லை. கடிதங்களை மைக்ரோஃபிலிமில் சுருக்கி அனுப்பலாம் என்று கோடாக் நிறுவனம் 1930களிலேயே யோசித்து வைத்திருந்தது. அதற்கும் முன்பு, 1870–71 பாரிஸ் முற்றுகையின்போது புகைப்படத்தில் சுருக்கிய செய்திகளைப் புறாக்கள் நகரத்துக்குள் கொண்டுபோன முன்னுதாரணமும் உண்டு. 1941 ஏப்ரலில் கெய்ரோவிலிருந்து லண்டனுக்கு ஏர்கிராஃப் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனிலிருந்து எதிர்த்திசையில் தொடங்கியபோது, முதல் ஏர்கிராஃபை எழுதியவர் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி எலிசபெத் ராணி. பெற்றவர் மத்தியக் கிழக்கின் தலைமைத் தளபதி ஜெனரல் ஆக்கின்லெக். அமெரிக்க வி-மெயில் 1942 ஜூன் 15 அன்று தொடங்கியது. படம் பிடிக்கும் எந்திரம் அங்கேயும் கோடாக்கின் ரெக்கார்டாக்தான்.

எடையில் இது சாதித்தது பெரிய விஷயம். 1,600 சாதாரணக் கடிதங்கள் ஏறக்குறைய 50 பவுண்டு எடை இருக்கும், அதாவது 22 கிலோவுக்கு மேல். அதே 1,600 கடிதங்கள் ஃபிலிமில் 5 அவுன்ஸ், சுமார் 140 கிராம். அமெரிக்கக் கணக்கில் ஒரு பக்கக் கடிதங்கள் 1,50,000 என்றால் 37 தபால் மூட்டைகள், 2,575 பவுண்டு. வி-மெயிலாக மாற்றினால் ஒரே மூட்டை, 45 பவுண்டு. தொடங்கிய நாளிலிருந்து 1945 ஏப்ரல் 1 வரைக்கும் அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டு ராணுவத் தபால் நிலையங்களுக்கு 55 கோடிக்கு மேல் வி-மெயில்கள் போயிருக்கின்றன. அங்கிருந்து 51 கோடிக்கு மேல் வந்திருக்கின்றன. விமானத்தில் மிச்சமான இடத்தில் மருந்தும் வெடிமருந்தும் உதிரிப்பாகமும் போயின. படை நடத்துகிறவர் என்ற முறையில் தளபதிக்கு இந்தச் சேவை பிடிக்காமல் இருக்க முடியாது. அவரே எழுத உட்காரும்போதுதான் சிக்கல்.

முதல் சிக்கல் இடம். வி-மெயில் படிவத்தில் படம் பிடிக்கப்படும் பரப்பு 17.8க்கு 23.2 சென்டிமீட்டர். அதன் தலைப்பகுதியை முகவரிக் கட்டமும், அனுப்புநர் முகவரியும், இடது மூலையில் தணிக்கை முத்திரைக்கான இடமும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் சாதாரணக் கையெழுத்தில் ஆங்கிலத்தில் 250 முதல் 300 சொற்கள் வரை எழுதலாம். தட்டச்சு செய்தால் 400ஐத் தாண்டலாம். நெருக்கி எழுதி இடம் பிடிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. மங்கலான எழுத்தும் சிறிய எழுத்தும் படம் பிடிக்க ஏற்றவை அல்ல என்று படிவத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். காரணம் எளிது: பெற்றவர் கையில் கிடைக்கும் பிரிண்ட் 10.8க்கு 13.2 சென்டிமீட்டர்தான். நீள அகலம் இரண்டும் ஏறக்குறைய 0.6 மடங்காகக் குறைகின்றன. 3 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதிய எழுத்து 1.8 மில்லிமீட்டராக வந்து சேரும். ஏர்கிராஃபில் சுருக்கம் இன்னும் கூடுதல். ஏறத்தாழ 20க்கு 28 சென்டிமீட்டர் படிவம் பாதி அளவுக்கு இறங்கும், அதே 3 மில்லிமீட்டர் எழுத்து ஒன்றரை மில்லிமீட்டராகும். விளக்கு வெளிச்சத்தில் வயதான நண்பர் ஒருவர் இதைப் படிக்க வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது படிவம் எடுத்துத் தொடரலாம், தடையில்லை. ஆனால் ஒவ்வொரு படிவமும் தனித்தனிக் கடிதமாகவே நடத்தப்படும். இரண்டும் ஒரே சுருளில், ஒரே நாளில் போகும் என்று உத்தரவாதம் கிடையாது. இரண்டாம் பக்கம் முதலில் வந்து, முதல் பக்கம் நாலு நாள் கழித்து வருவது நடக்கக்கூடியதே. அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு படிவத்தின் தலையிலும் எண்ணும் தேதியும் போட்டார்கள், ஒவ்வொரு பக்கத்தையும் அதனளவில் முழுமையாக முடித்தார்கள். வாக்கியத்தின் நடுவில் பக்கத்தை உடைத்தவர்கள் பெற்றவரைத் தவிக்கவிட்டார்கள்.

அனுப்பும் முறை இரண்டு நாட்டிலும் கொஞ்சம் வேறு. ஏர்கிராஃபில் படிவத்தைத் தபால் நிலையத்தில் வாங்கி, எழுதி, மேலே உள்ள கட்டத்தில் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கவுண்டரில் கொடுக்க வேண்டும். வி-மெயில் படிவம் மடித்தால் தானே உறையாகிவிடும். ஒட்டி, சாதாரணத் தபால்பெட்டியில் போடலாம். அது நியூயார்க், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று நிலையங்களில் ஒன்றுக்குப் போகும். அங்கே பிரித்து, நிமிர்த்தி, சேருமிடவாரியாக அடுக்கி, எந்திரத்தில் விடுவார்கள். 16 மில்லிமீட்டர் ஃபிலிம். தாள் உருளைகளுக்கு நடுவே ஓட ஓட, ஃபிலிமும் அதே கதிக்கு இணையாக ஓடிப் படம் பதியும். ஒரு சிறிய சுருளில் 1,600 கடிதங்கள் அளவுக்கு அடங்கும். கழுவி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து, சரியாக இருந்தால் விமானத்தில் ஏற்றுவார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் நீளமான புகைப்படத் தாள் சுருளில் பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டு, வெட்டி, மடித்து, முகவரி தெரியும் சன்னல் உள்ள உறையில் போடுவார்கள்.

மூலப்படிவத்தை உடனே கிழித்துப்போட மாட்டார்கள். ஃபிலிம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது என்று செய்தி வரும்வரை வைத்திருப்பார்கள். விமானம் விழுந்தால் மறுபடி படம் எடுத்து அனுப்பலாம். சாதாரணக் கடிதத்துக்கு இந்தப் பாதுகாப்பு அறவே கிடையாது. விழுந்த விமானத்தோடு போனது போனதுதான். இந்த ஒரு விஷயத்தில் இந்தச் சேவைக்கு நாங்கள் முழு மதிப்பெண் தருகிறோம்.

கோளாறுகளைப் பார்ப்போம். அதிகம் தொல்லை கொடுத்தது மை. வெளிர்நீல மையில் எழுதியது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நீல ஒளிக்கு எளிதில் வசப்படும் ஃபிலிமுக்கோ அது வெள்ளைத் தாளோடு கரைந்துவிடும். பென்சில் என்றால் அழுத்தமான கருப்புப் பென்சில் வேண்டும். கூரான, கடினமான பென்சிலின் சாம்பல் கோடு நூலாக மெலிந்து அறுந்துவிடும். அடுத்தது மடிப்பு. வி-மெயில் படிவம் தானே உறையாவதால் மடிப்புக் கோடு தவிர்க்க முடியாதது; அது சரியாக ஒரு வரியின் மேல் விழுந்தால் அந்த வரி நிழலில் மறையும். மூன்றாவது, ஒரு தாளோடு இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டு எந்திரத்துக்குள் போவது. இதற்குத்தான் ஏர்கிராஃப் படிவத்தில் வரிசை எண் குத்தினார்கள்: ஃபிலிமில் ஓர் எண் விடுபட்டிருந்தால் எந்தத் தாள் பதியவில்லை என்று கண்டுபிடித்து மறுபடி எடுக்கலாம். நான்காவது, உதட்டுச்சாயம். காதலிகளும் மனைவிகளும் படிவத்தின் அடியில் முத்தம் பதித்தனுப்ப, அந்த மெழுகு உருளைகளில் ஒட்டி எந்திரத்தை நிறுத்தியது. ‘செங்கொள்ளைநோய்’ என்ற பொருளில் ஊழியர்கள் அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள்.

வேறு எதையும் உள்ளே வைத்தால் படம் பிடித்து அனுப்ப முடியாது. தளபதியைப் பற்றிப் பத்திரிகையில் வந்த துண்டை நண்பர் வெட்டி அனுப்ப நினைத்தால் அது உறைக்கடிதத்தில்தான் போக வேண்டும். படம் பிடிக்கத் தோதில்லாத படிவங்கள், அதாவது உள்ளே ஏதாவது வைத்தவை, எழுத்து மங்கியவை, மூல வடிவிலேயே அனுப்பப்பட்டன. பிரிண்ட் போடும் வசதி இல்லாத பகுதிகளுக்கும் அப்படித்தான். அதனால் இன்றைக்குச் சந்தையிலும் காப்பகங்களிலும் படம் பிடிக்கப்படாத வி-மெயில் படிவங்கள் கிடைக்கின்றன. அவற்றைப் போலி என்று ஒதுக்க வேண்டாம்.

இங்கே ஒரு சின்ன விலகல். கேமராவுக்கு மொழிபேதம் கிடையாது. எந்த எழுத்தில் எழுதினாலும் பிடிக்கும். தந்தியில் இல்லாத பெரிய சுதந்திரம் இது. வட ஆப்பிரிக்காவில் போரிட்ட நான்காவது இந்திய டிவிஷனில், தென்னிந்தியப் பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸின் 12ஆவது ஃபீல்டு கம்பெனி இருந்தது. தமிழில் எழுதுகிறவருக்கு இந்தச் சுருக்கம் ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகத் தொல்லை தரும். ண, ஞ, ஐ போன்ற சுழிகள் பாதி அளவுக்குச் சுருங்கும்போது நடுவெளி அடைபட்டு ஒரே கருப்புப் புள்ளியாகிவிடும். எழுத்தைக் குறைந்தது 4, 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு எழுதினால்தான் தாங்கும். அப்படி எழுதினால் பக்கத்தில் அடங்கும் சொற்கள் நூறைச் சுற்றித்தான் இருக்கும்.

தளபதிக்கு வருவோம். அவருக்கு இடத்தைவிடப் பெரிய தடை அந்தரங்கம். ஏர்கிராஃப் மூடிய கடிதம் கிடையாது. கவுண்டரில் வாங்குபவர், தணிக்கை அதிகாரி, அடுக்குபவர், எந்திரம் ஓட்டுபவர், ஃபிலிமைக் கட்டம் கட்டமாகப் பார்ப்பவர், பிரிண்டைச் சரிபார்ப்பவர், மடித்து உறையிலிடுபவர் என்று ஒரு பக்கம் குறைந்தது ஆறேழு ஜோடிக் கண்களைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகும். பெயர் தெரியாத சிப்பாயின் கடிதத்தை யாரும் நின்று படிக்கப்போவதில்லை. நாடே அறிந்த ஒரு ஜெனரலின் கையெழுத்து என்றால் கை நிற்கத்தான் செய்யும். அமெரிக்கப் படையிலும் பிரிட்டிஷ் படையிலும் அதிகாரிகள் தங்கள் கடிதத்தைத் தாங்களே தணிக்கை செய்து கையெழுத்திடும் உரிமை பெற்றிருந்தார்கள். படைத்தளத்தின் தணிக்கை அலுவலகம் வேண்டுமானால் பிரித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஒட்டிய உறையில்தான் அந்த உரிமைக்கு அர்த்தம் உண்டு. பிரிட்டிஷ் சிப்பாய்க்குக்கூட, தன் பிரிவின் அதிகாரி படிக்காமல் படைத்தளத்தில் மட்டும் சோதிக்கப்படும் பச்சை உறை கொஞ்சம் கொடுத்தார்கள். ஏர்கிராஃபில் எழுதுகிறவர் அந்தச் சலுகையைத் தானாகவே விட்டுக்கொடுக்கிறார்.

தணிக்கைத் துறைக்கோ இது கொடுத்துவைத்த ஏற்பாடு. கண்ணுக்குத் தெரியாத மையோ, புள்ளிக்குள் ஒளித்த செய்தியோ படத்தில் பதியாது. மூலத்தாள் கடல் தாண்டுவதே இல்லை. ரகசியம் காக்கும் அரசுக்கு நல்லது. மனசைத் திறக்கும் நண்பனுக்கு அது உதவாது.

உண்மையான கடிதப் போக்குவரத்து ஒன்றை எடுத்துவைத்துச் சோதிக்கலாம். அமெரிக்க ஜெனரல் ஐசன்ஹோவரும் எவரெட் ஹாஸ்லெட்டும் கன்சாஸ் மாநிலத்து அபிலீன் ஊரில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ‘ஸ்வீட்’ (Swede) என்பது ஹாஸ்லெட்டின் செல்லப்பெயர். ராணுவத்தில் அல்லது கடற்படையில் சேர்ந்து படிக்கும் எண்ணத்தை ஐசன்ஹோவருக்கு ஊட்டியவர் அவர்தான். அவர் கடற்படைக்குப் போனார், இவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமிக்கு வந்தார். 1939இல் உடல்நலம் கெட்டு ஓய்வுபெற்ற ஹாஸ்லெட், போர் வந்ததும் கடற்படை அகாடமியில் பாடம் சொல்லித்தரத் திரும்ப அழைக்கப்பட்டார். ஐசன்ஹோவர் 1942 ஜூனில் லண்டனுக்குப் போனார், நவம்பரில் ஜிப்ரால்டர், பிறகு அல்ஜியர்ஸ். 1958இல் ஹாஸ்லெட் இறக்கும்வரை இவர்களுக்குள் கடிதம் நிற்கவில்லை.

இந்த வகைக் கடிதத்துக்கு வி-மெயில் ஏன் ஒத்துவராது? நண்பர் இங்கே படைக்காரர், தொழில் தெரிந்தவர். அவரிடம் ‘வெயில் அதிகம், சாப்பாடு பரவாயில்லை’ என்று எழுதி நிறுத்த முடியாது. ஒரு விஷயத்தை எடுத்தால் காரணம் சொல்ல வேண்டும், மறுப்பை எதிர்பார்த்துப் பதிலும் சொல்ல வேண்டும். வாதம் வளர 300 சொல் போதாது. இன்னொன்று, போர்க்களத்தில் என்ன நடக்கிறது, எங்கே இருக்கிறேன் என்பதைச் சொல்லக்கூடாது என்பதால், எஞ்சும் பேச்சு முழுக்கக் கருத்தும் நினைவும் மனிதர்களைப் பற்றிய மதிப்பீடும்தான். மேலதிகாரி, சகா, நேச நாட்டு ஜெனரல் என்று யாரைப் பற்றி ஒரு வரி எழுதினாலும், அது வேறு கண்ணில் பட்டால் கூட்டணிக்கே ஊறு. அப்படிப்பட்ட வரியை ஃபிலிம் கழுவுகிறவர் கையில் எந்தத் தளபதியும் ஒப்படைக்கக்கூடாது.

பிரிட்டிஷ் ஜெனரல் மான்ட்கோமரியின் நிலைமை வேறு. மனைவி பெட்டி 1937இலேயே இறந்துவிட்டார். 1942 ஆகஸ்டில் எட்டாவது ராணுவத்தின் பொறுப்பேற்க எகிப்துக்குப் பறந்தபோது, பள்ளி வயது மகன் டேவிடை ஹைண்ட்ஹெட் ஊரில் பள்ளி நடத்திய டாம் ரெனால்ட்ஸ், ஃபிலிஸ் ரெனால்ட்ஸ் தம்பதியிடம் ஒப்படைத்தார். ஆகவே அவர் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் எழுதிய கடிதங்களில் நட்போடு பையனின் படிப்பு, செலவு, விடுமுறை, யார் அவனைப் பார்க்கலாம் என்ற ஏற்பாடுகளும் கலந்திருக்க வேண்டியதாயிற்று. ‘பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டேன்’, ‘சைக்கிள் வாங்கிக்கொடுங்கள்’ மாதிரியான செய்திக்கு ஏர்கிராஃப் நன்றாகவே பொருந்தும். சீக்கிரம் போகும், தொலையாது. கையெழுத்திட்ட காசோலையோ அதிகாரப் பத்திரமோ சேர்த்தனுப்ப வேண்டும் என்றால் உறைதான். பொறுப்பு ஒப்படைத்த நண்பருக்கு எழுதுகிறவர் இரண்டு வழிகளையும் பயன்படுத்த வேண்டும் என்பதே எங்கள் தீர்ப்பு: ஏற்பாடுகளுக்குப் படம், மற்றதற்குத் தாள்.

பேர்ல் ஹார்பரில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளபதி அட்மிரல் நிமிட்ஸ், மனைவி கேத்தரினுக்குத் தினமும் எழுதினார். தினம் ஒன்று என்றால் அளவு ஒரு குறையே இல்லை. ஒரு பக்கம் தாராளம். நாள்தோறும் எழுதும் பழக்கம் உள்ளவருக்கு வி-மெயில் ஏற்றது, மாதம் ஒருமுறை உட்கார்ந்து எழுதுகிறவருக்கு ஏற்றதல்ல என்று இதிலிருந்து ஒரு பொதுக்கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

செலவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏர்கிராஃப் படையினருக்கு 3 பென்ஸ், பொதுமக்கள் தங்களுக்குள் அனுப்பினால் 8 பென்ஸ். அமெரிக்கப் படையினருக்கு இலவசம். 1942 ஏப்ரலிலிருந்து அவர்களுடைய சாதாரணக் கடிதத்துக்கும் தபால்தலை வேண்டாம். ஊரில் இருக்கும் நண்பர் வி-மெயிலுக்கு 3 சென்ட் ஒட்டினார். படையினர் முகவரிக்கு ஏர்மெயில் அரை அவுன்ஸுக்கு 6 சென்ட். இந்த மூன்று சென்ட் வித்தியாசம்தான் இந்தச் சேவையின் பலவீனத்தைக் காட்டிக்கொடுத்தது. விமானங்கள் பெருகியதும், கூடுதலாக 3 சென்ட் கொடுத்தால் சொந்தத் தாளில், சொந்த மையில், மூடிய உறையில் எழுதலாம் என்று மக்கள் கண்டுகொண்டார்கள். கடிதத்தில் எழுதியவரின் கை பட்ட தாளே வரும் என்பது சின்ன விஷயமில்லை. புகைப்படத்தில் கையெழுத்து இருக்கும். பேனா அழுந்திய தடம், மையின் நிறம், அடித்துத் திருத்திய இடத்தின் கீழே என்ன இருந்தது என்பதெல்லாம் போய்விடும்.

மாற்று வழிகளில் நாங்கள் மிக உயர்த்திச் சொல்வது ஏர் லெட்டர். ஒரே மெல்லிய தாள், எழுதி மடித்து ஒட்டினால் அதுவே உறை. நம்மூர் இன்லண்ட் லெட்டரைப் பயன்படுத்தியவர்களுக்கு உடனே புரியும். 1933இல் இராக் தபால் துறையில் தொடங்கிய யோசனை இது. 1941இல் மத்தியக் கிழக்குப் படையினருக்கு வந்தது. எடையில் ஃபிலிமோடு போட்டி போட முடியாது என்பதால் தொடக்கத்தில் அளவு கட்டித்தான் கொடுத்தார்கள். ஆனால் எந்திரம் வேண்டாம், பிரிண்ட் போடும் நிலையம் வேண்டாம், மூடியபடி போகும், ஏர்கிராஃபைவிடக் கூடுதலாக எழுதலாம். விமானத்தில் இடம் கிடைக்கக் கிடைக்க ஏர்கிராஃபின் தேவை கரைந்தது. 1945 ஜூலையில் ஏர்கிராஃப் நின்றது. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் வி-மெயிலைப் படம் பிடிப்பதையும் நிறுத்தினார்கள். ஏர் லெட்டர் ஏரோகிராமாக நம் காலம்வரை வந்தது.

அவசரத்துக்கு இன்னொன்று இருந்தது: எண்ணிட்ட வாக்கியப் பட்டியலிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் படையினர் தந்தி. அமெரிக்காவில் 60 சென்ட். பிறந்தநாள் வாழ்த்துக்கும் ‘நலம்’ என்ற ஒரு சொல்லுக்கும் சரி. நண்பர்களுக்குள் இதற்குமேல் அதில் எதுவும் செய்ய முடியாது.

அந்தக் காலத்துச் சேவையாக இதற்கு எங்கள் மதிப்பீடு: வேகத்துக்கும் பத்திரத்துக்கும் ஐந்துக்கு ஐந்து, இடத்துக்கு இரண்டு, அந்தரங்கத்துக்கு ஒன்று.

இன்றைக்கு இவற்றை வாங்கவோ படிக்கவோ போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். வி-மெயில் பிரிண்ட் என்று சொல்லி விற்கப்படுவது உண்மையில் பிரிண்டா, மூலப்படிவமா என்று அளவை வைத்தே சொல்லிவிடலாம்; பிரிண்ட் சிறியது, லேசான பளபளப்பு இருக்கும், ஓரம் சுருளும். அதன் உறையில் போர், கடற்படைத் துறைகளின் பெயரும், தனிப்பட்ட காரியத்துக்குப் பயன்படுத்தினால் 300 டாலர் அபராதம் என்ற எச்சரிக்கையும் அச்சாகியிருக்கும். உறையில்லாத பிரிண்டுக்கு உறையோடு இருப்பதன் விலை கொடுக்காதீர்கள். தளபதி ஒருவரின் பெயரில் வந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. படத்தில் இருப்பது கையெழுத்தின் படம்தான் என்பதால், மையிட்ட கையெழுத்துக்கான விலையை அதற்கு யாரும் கேட்கக்கூடாது.

பழுப்பேறிய பிரிண்டுகள் பெரும்பாலும் அவசரத்தில் சரியாகக் கழுவப்படாதவை; படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போ ரசாயனம் தாளிலேயே தங்கி, வெள்ளி மெல்ல மெல்ல நிறம் மாறியிருக்கும். அதைத் திரும்பக் கழுவிச் சரிசெய்ய முயலாதீர்கள். ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதமே முதல் எதிரி. பூஞ்சை பிடித்தால் எழுத்து இருக்கும் பூச்சையே தின்றுவிடும். பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து பாலியெஸ்டர் உறையில் ஒவ்வொன்றாகப் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்த மூடிய பெட்டியில் படுக்கைவாட்டில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் காயவைக்க வேண்டும். அலமாரியில் நாஃப்தலீன் உருண்டை வேண்டாம்.

ஸ்கேன் செய்யும்போது 300 டி.பி.ஐ. போதாது. ஏற்கெனவே சுருங்கிய எழுத்து என்பதால் 600இல் தொடங்குங்கள், ஏர்கிராஃப் என்றால் 1200. கருப்பு-வெள்ளை முறையில் எடுக்காமல் வண்ணத்தில் எடுத்தால் பழுப்புக் கறையை ஒரு வண்ண அடுக்கில் விலக்கிவிட்டு எழுத்தைத் தனியே பார்க்கலாம். சுருண்ட பிரிண்டைக் கண்ணாடிக்கு அடியில் அழுத்தித் தட்டையாக்கப் பார்த்தால் பூச்சு வெடிக்கும்; அதைக் கேமராவில் மேலிருந்து எடுப்பதே நல்லது.

தேதிகளில் கவனமாக இருங்கள். இந்தப் பிரிண்டில் தபால்தலை இல்லை, பெரும்பாலும் வழக்கமான தபால்முத்திரையும் பதிந்திருக்காது. எழுதியவர் போட்ட தேதி ஒன்றுதான் தெரியும். பதில் எந்தக் கடிதத்துக்கு என்று பொருத்தும்போது இடையில் பன்னிரண்டு நாள் ஆனதா, ஒரு மாதம் ஆனதா என்பது கடிதத்திலிருந்து தெரியாது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து அதையும் ஸ்கேன் செய்யுங்கள். வந்து சேர்ந்த நாளையும் பதில் எழுதிய நாளையும் பெற்றவர் பலர் அங்கே பென்சிலில் குறித்துவைத்திருப்பார்கள்.